துளை இல்லாத நாற்பத்தெட்டுச் செடிகள்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் பூட்டக்கா என்றே கூப்பிடுவோம். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து போய், ஏதோ யோசித்துத் திரும்பி வந்து, இன்னொரு தடவையும் இழுப்பார். வீட்டிலும் இதே கதைதான் என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்வார். அவர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். "நான் காலைல கிளம்புறப்போ என்னையும் ஒரு இழு இழுத்துப் பார்த்துட்டுத்தான் அனுப்புவா" என்பார்.

அந்தக் கூடம் சாதாரணக் கூடம் இல்லை. மரபணுவில் கைவைத்த செடிகள் வளரும் இடம். இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். நடுவில் ஒரு சின்ன அறை. அங்கே மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைக்க வேண்டும், மேலங்கியை மாற்ற வேண்டும், வெளியே வரும்போது பாக்கெட்டை வெளிப்பக்கம் இழுத்து உதற வேண்டும். ஒரு விதையோ, ஒரு துளி மகரந்தமோ வெளியே போகக் கூடாது என்பது சட்டம். உதிர்ந்த இலையைக்கூடப் பையில் போட்டு, எடை எழுதி, நீராவியில் வேகவைத்து, பிறகுதான் எரிப்பார்கள். இது அத்தனைக்கும் பொறுப்பு பூட்டக்கா. ஒருமுறை தலைநகரத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். திரும்பும்போது அவருடைய கால்சட்டையின் மடிப்பைப் பிரிக்கச் சொல்லிவிட்டார் அக்கா. இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது. மடிப்பிலிருந்து விழுந்தது வேர்க்கடலைத் தோலும் ஒரு சட்டைப் பொத்தானும்தான். அதிகாரி சிரித்துக்கொண்டே போனார். அக்கா சிரிக்கவில்லை. பொத்தானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் அந்த நிலையத்தின் தட்டச்சர். கடிதங்கள், சான்றிதழ்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அதனால்தான் இந்தக் கதையில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு வந்து சேர்ந்தது. பெருமைப்படக்கூடிய பங்கு இல்லை.

எல்லாம் ஓர் அரசாங்க உத்தரவில் ஆரம்பித்தது. அதுவரை மரபணுவைத் தொட்ட எந்தச் செடிக்கும் ஒரே விதி, ஒரே கெடுபிடி. புதிய உத்தரவு அதை இரண்டாகப் பிரித்தது. வேறொரு உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்த செடிக்குப் பழைய விதிகள் அப்படியே இருக்கும். செடியின் சொந்த மரபணுவிலேயே ஓர் இடத்தை மட்டும் வெட்டித் திருத்தியிருந்தால், வெளியிலிருந்து வந்தது எதுவும் அதில் மிச்சமில்லை என்று காட்டிவிட்டால், அந்தச் செடிக்கு விலக்கு. இரண்டு கதவும் வேண்டாம், எரிப்பும் வேண்டாம். நேரே வயலுக்குப் போகலாம். எங்கள் நிலையத்தில் சீக்கிரம் அழுகாத தக்காளி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஆறு தட்டுகள், தட்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் எழுபத்திரண்டு செடிகள். விலக்கு கேட்டு விண்ணப்பிக்கும் முதல் நிலையமாக நாம்தான் இருக்க வேண்டும் என்பதில் இயக்குநர் குறியாக இருந்தார்.

அந்தச் செடிகளை உருவாக்கியவர் டாக்டரம்மா. ஆராய்ச்சியைத் தவிர வேறு பேச்சு அறியாதவர். அவருக்குக் கீழே ஒரு பரிசோதகர். உத்தரவு வந்த அன்று மத்தியானம் அந்தப் பரிசோதகர் என் அறையில் உட்கார்ந்து பூட்டக்காவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"செடிக்குள்ள இருக்கிறத வெட்டணும்னா ஒரு கத்திரிக்கோல் வேணுமில்லையாக்கா. அந்தக் கத்திரிக்கோல வெளியிலிருந்து உள்ள அனுப்புறோம். வெட்டி முடிஞ்சதும் அதுக்கு வேலை இல்ல. அடுத்த தலைமுறைச் செடிங்கள்ல சிலதுல அது இருக்கும், சிலதுல இருக்காது. இல்லாததா பார்த்துப் பொறுக்கி எடுத்துக்குவோம்."

"ஆபரேஷன் பண்ணிட்டு வயித்துக்குள்ள கத்திரிக்கோல மறந்து வச்சுத் தைப்பாங்களே, அது மாதிரி ஆகாதா?"

"அதுக்குத்தான் டெஸ்ட்."

"டெஸ்ட் பண்ணது சரின்னு யார் சர்டிபிகேட் குடுப்பாங்க?"

"நம்ம நிலையத்துக் குழுதான்."

அக்கா, "நமக்கு நாமளேவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். பரிசோதகர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா சான்றிதழின் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அதில் 'பரிசோதிக்கப்பட்ட செடிகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "மொத்தத்தைப் போடுங்க" என்றார். எழுபத்திரண்டு என்று அடித்தேன். கடைசியில் மூன்று கையெழுத்துகளுக்கு இடம் இருந்தது. டாக்டரம்மாவும் பரிசோதகரும் போட்டுவிட்டார்கள். மூன்றாவது, கூடத்தின் பொறுப்பாளர்.

காகிதத்தை நான்தான் கொண்டுபோனேன். அக்கா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். எழுபத்திரண்டு என்ற இடத்தில் விரல் நின்றது.

"இலையிலிருந்து மாதிரி எடுத்தா துளை விழும் தம்பி. சட்டைப் பொத்தான் அளவுக்கு. அந்த இலை உதிர்ற வரைக்கும் துளை போகாது." கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே காட்டினார். "முதல் ரெண்டு தட்டுல எல்லாச் செடியிலயும் துளை இருக்கு. மத்த நாலு தட்டுல ஒண்ணுலகூட இல்ல. நீயே போய்ப் பாரு."

நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் பார்த்தவன் ஆகிவிடுவேனே என்று பயம். "எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான அடிச்ச?" என்று கேட்டார்.

அவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. பரிசோதகரைப் பிடித்துக் கேட்டார். துளையிட்ட இலைகள் உதிர்ந்துவிட்டன என்றார் அவர். எரிக்க வேண்டிய பைகள் இரண்டு வாரமாக நீராவிப் பெட்டி பழுதாகி அப்படியே கிடந்தன. அக்கா தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து, பைகளைக் கொட்டி, காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். மத்தியானம் முழுக்க அதே வேலை. ஓர் இலையிலும் துளை இல்லை.

மறுநாள் டாக்டரம்மா கூடத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. "இருபத்துநாலு பார்த்தாச்சு. எல்லாமே சுத்தம். எல்லாம் ஒரே தாய்ச்செடியோட பிள்ளைங்க. மத்தது மட்டும் எப்படி வேற மாதிரி இருக்கும்?" என்றார்.

"ஒரே வயித்துல பிறந்த என் தம்பிக்கும் எனக்கும் எதுலயும் ஒத்துப் போகாது மேடம்" என்றார் அக்கா. "இருபத்துநாலு பார்த்தா இருபத்துநாலுன்னே எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

இருபத்துநாலு என்று எழுதினால் விலக்கு கிடைக்காது; ஒவ்வொரு செடியையும் பரிசோதித்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வரப்போகிற வெள்ளிக்கிழமை. டாக்டரம்மா வெளியே போனார். போகும்போது பாக்கெட்டை உதற மறந்தார். அக்கா கூப்பிட்டு நிறுத்தி உதறச் சொன்னார்.

அதற்குப் பிறகு நிலையத்தின் காற்றே மாறிவிட்டது. அந்த வாரம் ஒரு செய்தித்தாளில் புதிய உத்தரவைத் திட்டி ஒரு கட்டுரை வந்திருந்தது. இயக்குநர் அதை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க என்னையும் உட்காரச் சொன்னார்.

"உங்களுக்குப் பின்னாடி யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தார். வேண்டுமென்று செய்தாரா, உண்மையிலேயே பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சுவருதான் சார் இருக்கு" என்றார்.

"விளையாடாதீங்க. எட்டு வருஷ உழைப்பு. நீங்க ஒரு கையெழுத்துப் போடாம தடுக்கிறீங்க. இந்தத் தக்காளியால யாருக்கு என்ன கெடுதல்?"

"தக்காளி மேல எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் வளர்த்ததுதான. பேப்பர் மேலதான் சந்தேகம்."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "எண்ணிக்கைய யார் போடச் சொன்னா?"

டாக்டரம்மா சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "குடுத்தத அடிச்சேன் சார்" என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. அக்கா என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அதன் பிறகு நான்கு மாதம் என்னோடு பேசவில்லை.

அன்று மாலையிலிருந்து வாசல் காவலாளி அக்காவின் கைப்பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் பாக்கெட்டை உதறிக் காட்டச் சொன்னவர் அக்கா. முதல் நாள் முகம் சிவந்துபோய் நின்றார். இரண்டாம் நாள், "அடிப்பக்கம் ஒரு ஜிப் இருக்கு, அதையும் பாரு. ஒழுங்கா பார்க்கத் தெரியலயே உனக்கு" என்று காவலாளிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். "ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. இந்த நேரத்துல வம்பு எதுக்குன்னு கேட்டா, நீங்க யார்கிட்ட பேசிட்டு வந்தீங்கன்னு என்னையே கேக்குறா. ரெண்டு நாளா என் போனை எடுத்துப் பார்க்குறா. நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றார். நான் என்ன சொல்ல? என்னிடமே அக்கா பேசுவதில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்கா செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கூடத்தின் பதிவேட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு வருடத்தில் அதில் அவர் எழுதியதெல்லாம் குழாய் கசிவு, கண்ணாடி விரிசல், எலி. அன்றைக்கு அதில் எழுதினார்: 'மூன்று முதல் ஆறு வரையுள்ள தட்டுகளில் நாற்பத்தெட்டுச் செடிகளின் இலையில் மாதிரி எடுத்த துளை இல்லை. உதிர்ந்த இலைகளிலும் இல்லை.' கீழே தேதி, நேரம், கையெழுத்து. பதிவேட்டின் பக்கங்கள் எண்ணிடப்பட்டவை. ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். விலக்கு விண்ணப்பத்தோடு பதிவேட்டின் நகலையும் சேர்க்க வேண்டும் என்று அந்தப் புதிய உத்தரவே சொல்லியிருந்தது. அக்கா உத்தரவை எங்கோ வாங்கி, முழுவதும் படித்திருந்தார்.

இயக்குநர் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு விண்ணப்பத்தை நிறுத்தி, மிச்சமிருக்கும் செடிகளையும் பரிசோதிக்கச் சொன்னார்.

டாக்டரம்மாவே துளை போட்டார். அக்கா பக்கத்தில் நின்று குழாய்களில் எண் எழுதினார். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்தார். வேறு பேச்சு இல்லை. மறுவாரம் முடிவு வந்தது. நாற்பத்தெட்டில் நாற்பத்தாறு சுத்தம். ஐந்தாம் தட்டில் இரண்டு செடிகளில் கத்திரிக்கோல் உள்ளேயே இருந்தது.

டாக்டரம்மா கூடத்துக்கு வந்து அதை அக்காவிடம் சொன்னபோது நானும் ஏதோ கையெழுத்துக்காக நடு அறையில் நின்றிருந்தேன். டாக்டரம்மா அங்கே கவிழ்ந்து கிடந்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "சர்டிபிகேட் எழுதுறப்போ, எல்லாத்தையும் பார்த்தாச்சுன்னு பரிசோதகர் என்கிட்ட சொன்னார்" என்றார் மெல்ல.

அதே நாள் மாலை பரிசோதகர் என் மேஜைக்கு வந்து சொன்னார்: "டெஸ்ட் மருந்து வந்து சேரல, இருக்கிறது இருபத்துநாலுக்குத்தான் காணும்னு நான் சொன்னேன். அது போதும்னு சொன்னது மேடம்தான்."

இரண்டு பேரும் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அன்று மாலையே நான் இயக்குநரிடம் போய், எண்ணிக்கைக்கான இடம் வெற்றாக இருந்ததையும் 'மொத்தத்தைப் போடுங்க' என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். "இப்ப எதுக்கு அது" என்றார் அவர். அத்தோடு முடிந்தது. பரிசோதகரை வேறு நிலையத்துக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, வாயடைப்பா என்று எங்களில் பாதிப் பேர் ஒரு மாதிரியும் பாதிப் பேர் இன்னொரு மாதிரியும் பேசிக்கொண்டோம்.

அந்த இரண்டு செடிகளையும் அக்காவே பிடுங்கி வேகவைத்து எரித்தார். மற்ற எழுபதுக்கும் எட்டு மாதம் கழித்து விலக்கு கிடைத்தது. சான்றிதழில் எண்ணிக்கை சரியாக இருந்தது. அக்கா மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் விண்ணப்பம் என்ற பெயர் அதற்கு வெகு முன்பே வேறொரு நிலையத்துக்குப் போய்விட்டது. அங்கே பன்னிரண்டே நாளில் இருநூறு செடிகளைப் பரிசோதித்து முடித்ததாகப் பத்திரிகையில் பெருமையாக வந்திருந்தது. அக்கா அந்தத் துண்டை வெட்டி என் மேஜை மேல் வைத்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "அங்க செடியைப் பார்த்துக்கிறது யாருன்னு விசாரிக்க முடியுமா தம்பி?" விசாரித்தேன். அப்படி ஒரு வேலையே அங்கே எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

எங்கள் கூடத்திலும் விலக்குப் பெற்ற செடிகளே பெருகின. ஒரு கதவைக் கழற்றினார்கள். அக்காவை விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான், வேலை குறைவு. "நல்லா பார்த்துக்கிறாங்க, அதான் பயமா இருக்கு" என்றார்.

இப்போது திங்கட்கிழமை தோறும் டாக்டரம்மா கிடங்குக்கு வந்து, விதைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவரோடு தேநீர் குடிக்கிறார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "என் வேலைய நம்பாத ஒரு ஆள் பக்கத்துல இருக்கிறது எனக்கு நல்லது." இதை நான் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு விதைப் பொட்டலத்தின் வாயைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அடுத்து எங்க போய் என்ன எழுதுவேன்னு பார்க்கத்தான் வர்றாங்க" என்றார். பிறகு, "வரட்டும். வந்தா நானும் நாலு விஷயம் கேட்டுக்கிறேன்" என்றார்.

இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. போன திங்கட்கிழமை டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். அக்கா அன்றைக்குத் தேநீர் போடவே இல்லை.