மூன்றாவது சரணத்தில் ஒரு குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கிங்ஸ்டனில் எங்கள் இசைத்தட்டுக் கடைக்கு வந்து அந்தத் தட்டை நீங்களே போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கதை கட்டிச் சொல்ல எனக்கு வராது. அன்றைக்கு நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகல். வாசலில் சந்தைக் கூட்டம் வேறு.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் எவரால்டுக்குக் காதுதான் சொத்து. ராக்ஸ்டெடி என்று எங்கள் தீவில் அந்தக் காலத்தில் ஓடிய பாட்டுகளைத் தேடிப்பிடிப்பான். கீறல் சத்தத்தையெல்லாம் கணினியில் துடைத்தெடுத்துப் புதுத் தட்டாகக் கொண்டுவருவான். ஜப்பான்காரர்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். நல்ல பையன்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் 'இதோ வர்றேன்' என்று ஒரு பதில். எங்கள் தீவில் அந்தச் சொல்லுக்குப் பெரிய மதிப்பெல்லாம் கிடையாது. சொன்னவன் நாளைக்கு வந்தாலும் வருவான், வராமலும் போவான். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சீடார் மூவர் என்று அந்தக் காலத்தில் ஒரு குழு. வெளிவந்தது ஒரே ஒரு தட்டு. மூலநாடா தீயில் போய்விட்டது. மிஞ்சிய ஒரே பிரதி ஜோன்ஸ் டவுனில் மிஸ் ஐசியிடம் இருந்தது. மூவரில் ஒருவனான ஹெட்லி அவளுடைய அண்ணன். பாட்டு பதிவான மாதமே மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"மூணாவது சரணத்த நல்லாக் கேளுப்பா," என்று சொல்லித்தான் தட்டைக் கொடுத்தாள் மிஸ் ஐசி. "பத்திரம்."

எவரால்ட் தலையாட்டினான். அப்புறம் மறந்தே போனான்.

மூன்றாவது சரணம் தொடங்கும் இடத்தில், மைக்குக்குத் தள்ளி நின்று யாரோ "பிம்மி!" என்று கத்தும் சத்தம் இருந்தது. ஸ்டுடியோவில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எவனோ என்று நினைத்து எவரால்ட் அதைத் துடைத்துவிட்டான். இடம் அடைக்கிறது என்று துடைக்காத பதிவையும் அழித்தான். தட்டைத் திருப்பிக் கொடுக்கக் காரின் பின்சீட்டில் வைத்தவன், அங்கேயே விட்டுவிட்டான். ஆகஸ்ட் மாத வெயில். எடுத்துப் பார்த்தபோது தட்டு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

அதற்கப்புறம்தான் மிஸ் ஐசி போன் செய்தாள்.

"எங்கண்ணன் பிம்மின்னு கூப்பிட்டது கேட்டுச்சாப்பா? என்னயத்தான். ஸ்டுடியோ வாசல்ல நின்னேனா, என்னயப் பார்த்த சந்தோஷத்துல, பாட்டு ஓடுறதையே மறந்து கத்திட்டான். மூணு பேரும் சேர்ந்து பாடுறதுல எங்கண்ணன் குரல் எதுன்னு எனக்கே தெரியாது. அது ஒண்ணுதான் தனியா இருக்கு. தட்ட எப்பக் கொண்டு வருவே?"

"இதோ வர்றேன் மிஸ் ஐசி."

போனை வைத்தவன் முகத்தில் ஈயாடவில்லை. வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. செத்தவனை இரண்டாவது தடவை கொன்றுவிட்டேன் என்றான். தப்பு தப்புதானே.

போய்ச் சொல்லிவிடு என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். அதற்குள், அவன் துடைத்து அனுப்பிய பதிவைத் தட்டாக வார்க்கும் ஆலையிலிருந்து சோதனைத் தட்டுகள் வந்துவிட்டன.

முதல் தட்டைப் போட்டான். பாட்டு பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றாவது சரணம் வந்தது. துடைத்த இடத்தில்...

ஒரு மூச்சு.

"வெல்மா, உனக்குக் கேட்டுச்சா?"

எனக்குக் கேட்டது. யாரோ கூப்பிடுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு.

கணினியில் இருந்த பதிவைப் போட்டுப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டைப் போட்டான். அதே அச்சில் வார்த்ததுதான். ஆனால் மூச்சு இன்னும் கிட்டத்தில் கேட்டது.

சத்தத்தைக் குறைத்தான். பாட்டு குறைந்தது.

மூச்சு குறையவில்லை.

ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டே, மூன்றாவது தட்டைப் போட்டுவிட்டு எவரால்ட் பின்னறைக்குக் கை கழுவப் போனான். குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம். பாட்டு ஓடியது. முதல் சரணம்... இரண்டாவது...

உள்ளேயிருந்து எவரால்டின் குரல் கேட்டது.

"இதோ வர்றேன்!"

தண்ணீர் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"எதுக்குக் கூப்பிட்டே?"

"நான் கூப்பிடலையே."

"எவரால்ட்டுன்னு கத்துனியே?"

"நான் வாயே திறக்கல."

எங்கள் ஊர்ப் பேய்க்கு டப்பி என்று பெயர். ஆள் தெரியாமல் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், முதல் தடவையே பதில் சொல்லக் கூடாது; சொன்னவனை டப்பி தன்னோடு கூட்டிப்போய்விடும். இது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எவரால்டுக்கும் தெரியும். வாய்ப்பழக்கம்... சொல்லிவிட்டான்.

மூன்றாவது தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்திருந்தது.

இனித் தள்ளிப்போட முடியாது என்று, வளைந்த தட்டையும் சோதனைத் தட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பினான். தனியாகப் போகப் பயம். என்னையும் கெஞ்சிக் கூட்டிப்போனான்.

மிஸ் ஐசி முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எவரால்ட் வளைந்த தட்டை அவள் மடியில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றைத் தவிர. கடையில் குரல் கேட்டதை மட்டும் மறைத்துவிட்டான். கிழவியை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்திருப்பான்.

அவள் திட்டவில்லை. வளைந்த தட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி... புதுசப் போடு. கேட்போம்."

"வேணாம் மிஸ் ஐசி. அதுல உங்கண்ணன் குரல் இல்ல."

"போடுன்னா போடு."

போட்டான். அவளுடைய பழைய இசைத்தட்டுப் பெட்டியில் ஊசி ஒருமுறை கிறீச்சிட்டது. முதல் சரணத்துக்கு அவள் தலை லேசாக ஆடியது. இரண்டாவது சரணம்.

பிறகு அந்த இடம்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. எவரால்டுக்கும் கேட்கவில்லை. மூச்சுகூட இல்லை.

மிஸ் ஐசியின் தலை ஆடுவது நின்றது.

ஊசியைத் தானே எடுத்துவிட்டு, எவரால்டையே பார்த்தாள்.

"உன் பேரையா சொல்றான்?"

எவரால்ட் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"தட்டுல நீ பதில் சொல்றியே. 'இதோ வர்றேன்'ங்கிறியே. எப்படா சொன்னே?"

"தெரியாம... வாய் தவறி..."

"அடப்பாவி!" அவள் குரல் உடைந்தது. "வருஷக்கணக்கா என்னயத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தான். வா, வான்னு. இந்தத் தட்டப் போடும்போதெல்லாம் நான் வாயைப் பொத்திக்கிட்டு அழுவேன். ஒரு தடவகூடப் பதில் சொன்னதில்ல. சொல்லக் கூடாதுன்னு தெரியும். கூப்பிடுறானே, அது போதும்னு இருந்தேன். நீ வர்றேன்னு சொல்லிட்டியே... இனி அவன் என்னய எதுக்குக் கூப்பிடப் போறான்?"

எவரால்ட் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். அண்ணனுக்காக அழுதாளா, இவனுக்காக அழுதாளா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெளியீட்டை நிறுத்தச் சொல்லி ஆலைக்கு ஓடினோம். எங்களைக் கேட்காமலே மொத்தத்தையும் அச்சடித்துக் கப்பலேற்றியிருந்தார்கள். வாங்கியவர்களிடமிருந்து பாராட்டு வந்து குவிந்தது. மூன்றாவது சரணத்தில் ஒருவர் கூப்பிட, இன்னொருவர் பதில் சொல்வது பிரமாதமாம். இப்போது எனக்கும் கேட்கிறது, எவரால்டின் குரலில் அதே 'இதோ வர்றேன்'. அவனுக்கு மட்டும் கேட்பதில்லை. அவன் இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை. எழுந்து வந்து முகத்தைப் பார்க்கிறான். கடற்கரைப் பக்கமே போவதில்லை.

மனது கேட்காமல் போன வாரம் நான் மட்டும் ஆலைக்குப் போனேன். தட்டு வார்க்கும் உலோக அச்சைக் கொண்டுவந்து காட்டினார்கள். அச்சு ஆன பிறகு அதில் புதிதாக எந்தச் சத்தத்தையும் சேர்க்க முடியாதாம். ஓரத்தில் அது செய்த தேதியைக் கீறியிருந்தார்கள்.

எவரால்ட் அந்தக் குரலுக்கு "இதோ வர்றேன்" என்று சொன்ன நாளுக்கு முந்தைய வாரம்.

அவனிடம் இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.