முப்பது வரைக்கும் சொத்தை

பாஞ்சாலைக்குக் கோபம் வந்தால் அவலூர்பேட்டை ரோட்டில் பஸ்கூட ஹாரன் அடிக்காது என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவள் புருஷன் இருசப்பன், அந்த மாதிரி நாட்களில் ஆட்டோவைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வருவான். அதைத் தெருவே பார்த்திருக்கிறது.

கீழ்பென்னாத்தூரில் பிறந்து திருவண்ணாமலைக்கு வாக்கப்பட்டவள். பத்து வருஷம் பிள்ளை இல்லை. குறை யாரிடம் என்று தெருவில் மூன்று கட்சிகள் இருந்தன. பூஜா பிறந்ததும் மூன்றும் கலைந்து, குழந்தையின் மூக்கு யாருடையது என்று புதுக்கட்சி ஒன்று கிளம்பியது. அதன் தலைவிக்குப் பாஞ்சாலை முறத்தால் பதில் சொன்னாள். கட்சியும் கலைந்தது, முறமும் பிய்ந்தது.

வேலை, சகாதேவன் முதலாளியின் மல்லாட்டை மில்லில். மிஷின் உடைத்துத் தள்ளும் வேர்க்கடலைப் பருப்பில் கறுத்தது, சுருங்கியது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே போட வேண்டும். சாயங்காலம் எழுந்தால் இடுப்பு கூடவே எழுந்து வராது. பொறுக்கிய சொத்தை மூட்டையாகி சோப்பு எண்ணெய்க்குப் போகும்.

2001-ல், தீபத்துக்கு முந்தின வாரம், வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு லாரியோடு திரும்பி வந்தது. முதலாளி பொம்பளைகளைக் கூப்பிட்டார்.

"அந்த ஊர்க்காரன் நாலுக்கு மேல இருந்தா வாணான்றான். லேப்ல பாத்தா இதுல பன்னெண்டு இருக்குதாம்."

"இன்னா பன்னெண்டு, மொதலாளி?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் வேதா.

"பூசணத்துல ஒரு வெஷம். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. நாளாவட்டத்துல ஈரலைப் புடிக்குமாம். கிலோவுக்குத் தூசியவிட கம்மி. நம்ம கவர்மெண்டு முப்பது வரைக்கும் விடுது."

"அப்போ நம்ம ஈரல் இன்னா கருங்கல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பன்னெண்டுதானே இருக்குது? முப்பதுக்கு இன்னும் எடம் கெடக்குது. ஓரமா கட்டி வெச்ச சொத்தையப் பிரிச்சி இதுல கலந்துடுங்க. நான் சொல்ற அளவுல கலந்தா தாண்டாது. கடலை உருண்டை போடற தருமன் எடுத்துக்கறான்."

பாஞ்சாலை சிரிக்கவில்லை. தருமன் பிடிக்கும் வெல்ல உருண்டை தீபக் கூட்டத்துக்கு மட்டும் போகவில்லை. பால்வாடிக்கும் அவன்தான் போடுகிறான். நாலரை வயசு பூஜா அதைத் தினமும் ஒன்று தின்கிறது.

"பொறுக்குன கையாலயே திரும்பக் கொட்டணுமா?"

"சட்டப்படிதாம்மே சொல்றேன்."

"சட்டம் முப்பது வரைக்கும் பொறுத்துக்கறேன்னுதே, முப்பது வரைக்கும் ரொப்புன்னா சொல்லிச்சி? சோத்துல தெரியாம ஒரு முடி வுழுந்தா எடுத்துப் போட்டுட்டுத் துன்றோம். அதுக்குன்னு தலைய வாரி சோத்துல கொட்டுவியா நீ?"

'நீ' என்றதும் மில்லே நின்றது. முதலாளி குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார்.

"பாரு, நானே துன்றேன். செத்தா பூட்டேன்?"

"நீ ஒரு வாட்டி துன்ற. என் பொண்ணு தெனம் துன்னுது."

"இஷ்டமில்லன்னா கெளம்பு. ஊர்ல ஆளா இல்ல?"

வேதா தலையைக் குனிந்துகொண்டு முதல் மூட்டையின் வாயைப் பிரித்தாள். "வுடுக்கா, தீபம் வருது, கொழந்தைங்களுக்குத் துணி எடுக்கணும்" என்றாள். அவள் பேரில் தப்பு சொல்ல முடியாது. மற்றவர்களும் பிரித்தார்கள். நாலு நாளாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த கறுப்பு, நாலு நிமிஷத்தில் வெள்ளையோடு கலந்தது.

பாஞ்சாலை எழுந்தாள். கிளம்புகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மிஷினுக்குப் பின்னால் போனவள், என்ஜினுக்கு ஊற்றும் டீசல் கேனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். குவியலின் உச்சியில் கவிழ்த்து, சுற்றிச் சுற்றி ஊற்றினாள். காலால் கிளறி இன்னும் ஊற்றினாள்.

"மொதலாளி, டீசல் எவ்ளோ வரைக்கும் வுடுவாங்க? கேட்டுச் சொல்லு. எடம் இருந்தா இன்னும் ஊத்தறேன்!"

முதலாளி பாய்ந்து வந்தார். பருப்பில் கால் வழுக்கிக் குவியல் மேலேயே உட்கார்ந்தார். வேதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், நாற்றத்துக்காக என்று பிறகு சொன்னாள்.

போலீசுக்குப் போவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் போகவில்லை. போனால் குவியலில் என்ன கலந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமே. பாஞ்சாலைக்கு வேலை போனது. எந்த மில்லிலும் சேர்க்காதபடி சொல்லி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பூஜா அம்மா மடியில் உட்கார மாட்டேன் என்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நாறுதும்மா" என்றது.

"நாறட்டுண்டி! நாறுறதாவது வெளிய தெரியுது."

இருசப்பன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். பளபளத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலை எழுந்து செருப்பை மாட்டினாள். "இப்போ எங்க கெளம்புற?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தருமன் வூட்டுக்கு. இந்தக் குவியல் போச்சுன்னா, நாளைக்கு உருண்டைக்கு எவன்கிட்ட பருப்பு வாங்கறான்னு பாத்துட்டு வரேன். வண்டிய எடு."

எடுத்தான்.