இறக்கத்தில் அணைத்த இஞ்சின்

கியர்பாக்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வண்டி மேல் ஒரு கோபமும் இல்லை. அப்பா மேல்தான்.

தொண்ணூறுகளில் எங்களிடம் ஒரு பழைய டீசல் லாரி இருந்தது. பின்னால் கிரேன் பொருத்தி, வழியில் படுத்துவிட்ட லாரிகளை இழுத்துப் போவதற்கென்றே மாற்றியது. திண்டுக்கல் பக்கம் காய்கறி லாரி எது நின்றாலும் ஒட்டன்சத்திரம் சந்தை வரை இழுத்துப் போவோம். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் மாறி மாறி ஓட்டுவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் ஏறிக்கொள்வேன். மாமாவுக்குச் சொந்த ஊரான அகரத்தில் நிலம் நீச்சு கிடையாது. எங்கள் வீட்டில் தங்கி, எங்கள் வண்டியை ஓட்டி, அப்பாவிடம் ஏச்சு வாங்குவதுதான் அவர் பிழைப்பு.

ஒரு கோடையில் கியர்பாக்ஸ் சூடாக ஆரம்பித்தது. கருகிய எண்ணெய் வாடை கேபினுக்குள் குப்பென்று அடிக்கும். அப்பாவுக்கு விசாரணையெல்லாம் தேவைப்படவில்லை. மாமா கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறான், இல்லையென்றால் ஆயிலைத் திருடி விற்கிறான் என்று தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். கிளட்ச் பிளேட்டை மாற்றியும் சூடு போகவில்லை.

"உன் மேல தப்புன்னு தெரிஞ்சுச்சுன்னா, அன்னிக்கே ஊரைப் பாத்துப் போயிரணும்" என்றார் அப்பா. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கடைசியில் பட்டறைக்கு மூன்று பேருமாகப் போனோம். மெக்கானிக் ஆயிலை இறக்கிப் பார்த்தார். அளவு குறையவில்லை. ஆனால் தார் போலக் கறுத்திருந்தது.

"இழுத்துட்டுப் போகையில சூடாகுதா, திரும்பி வாரையிலயா?" என்று கேட்டார்.

"வெறும் வண்டியா வாரையிலதாண்ணே" என்றார் மாமா.

"அப்ப இறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டிட்டு வாறீங்க. டீசல் மிச்சம்ல! இஞ்சின் நின்னா கீழ இருக்க பல்சக்கரம் சுத்தாது, ஆயில வாரி மேல அடிக்காது. மேல உள்ளது காஞ்சு சுத்துனா வேகாம என்ன செய்யும்? பிரேக்குக்குக் காத்தும் ஏறாது. யாரு பாத்த வேலை இது?"

எனக்கு விடை தெரியும். வகுப்பில் கை தூக்குகிற அவசரத்தோடு, "எங்கப்பாதான்! இறக்கம் வந்ததும் ஆஃப் பண்ணிருவாரு. சத்தமே இருக்காது, காத்து மட்டும் கேக்கும்" என்றேன். பிரேக் செத்துப்போகிற வண்டியில் பெற்ற பிள்ளையை வைத்து உருட்டி வந்த மனுஷனைப் பற்றி எனக்கு அம்புட்டுப் பெருமை!

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. அதைப் பார்த்த மாமா சட்டென்று, "பாப்பா மாத்திச் சொல்லுது. நான்தான் மச்சான்" என்றார்.

"பொய்!" என்று கத்தினேன். அப்பா என் தலையில் நங்கென்று கொட்டினார். பிறகு, நீதி ஜெயித்துவிட்ட தோரணையில், அங்கேயே மாமாவை வேலையை விட்டு நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து மாமா பையை எடுத்தபோது அம்மா தடுக்கவில்லை. அவர் கையைச் செத்த நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். "வாரேன் பாப்பா" என்றார் மாமா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிய ஆளோடு எனக்கு என்ன பேச்சு?

அன்று அப்பா சிரித்த முகமாக உட்கார்ந்து, வெஞ்சனம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா பரிமாறினாள். கூடப்பிறந்தவன் போனதற்கு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அவள் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா வெளியில் அவமானப்பட்டு வரும் நாட்களில் ஏன் அறைக்கதவு சாத்தப்படுகிறது, மறுநாள் ஏன் அம்மா சுவரில் முதுகு படாமல் உட்காருகிறாள் என்பதெல்லாம் எனக்குப் புரியப் பல வருஷமானது. மாமாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.