மச்சினன் லாரியும் இரண்டு அங்குலமும்

எங்கள் டயர் பட்டறையில் அவருக்கு அங்குலம் என்று பெயர். வைத்தது நான்தான். சட்டைப்பையில் பேனா இருக்காது, அளவு டேப் இருக்கும். இருபது வருஷத்தில் ஓர் அளவையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாத ஆள். ஒருமுறை மனைவி, "நான் இளைச்சிருக்கேனா?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். மனிதர் டேப்பை எடுத்துவிட்டார். ஒரு மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இவரிடம்தான் மச்சினன், மனைவியின் தம்பி, தன் சின்ன லாரிக்கு இடுப்புயரத்தில் நான்கு டயர் வாங்கிக்கொண்டு வந்தான். அகலம் பன்னிரண்டரை அங்குலம்.

"இதுக்கு எட்டரை அங்குல ரிம்மாவது வேணும்டா," என்றார் அங்குலம்.

"எட்டரைதான் மாமா. அக்காவோட தையல் டேப்ப வச்சு நானே அளந்தேன்."

"எங்க அளந்தே?"

ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை காட்டினான். அங்குலம் தலையில் அடித்துக்கொண்டார். டயர் உட்காரும் இடம் விளிம்புக்கு உள்ளே இருக்கிறது. அங்கே அளந்தால் ஏழரைதான்.

"இதுல மாட்டினா டயர் நடுவுல தொப்பை போடும். நடு மட்டும் தேயும். திருப்பத்துல கழண்டாலும் கழலும். என் கையால மாட்ட மாட்டேன்."

மச்சினன் நேரே அக்காவிடம் போய்ப் பற்றவைத்தான். மறுநாள் அங்குலத்தின் சாப்பாட்டு டப்பா காலியாக வந்தது. கழுவித் துடைத்து, மூடி போட்டு, காலியாக! நான்கு நாள் இதே கதை. என் சோற்றில் பாதி போனது. எனக்கு ஆத்திரம் மச்சினன்மேல்தான்.

அளவிலும் பொய் கூடாது, வீட்டிலும் சமாதானம் வேண்டும். ஐந்தாம் நாள் எங்கெங்கோ அலைந்து பத்து அங்குல ரிம் நான்கு கொண்டுவந்து மாட்டினார். கச்சிதம். பட்டறையே கைதட்டியது.

லாரிதான் வெளியே போகவில்லை. சின்ன டயரில் உள்ளே வந்த வண்டி இப்போது உயர்ந்துவிட்டது. பாரம் ஏற்றும் பின்தட்டுக்கு மேலிருந்த இரும்புக் கம்பி வாசல் ஷட்டரில் இடித்தது. ஊரையே அளந்தவர் வாசலை அளக்கவில்லை. டேப் வைத்துப் பார்த்தார். இரண்டு அங்குலம்.

"பழைய டயர்லயே வெளியே எடுத்து, அங்க வச்சு மாட்டலாமே?" என்றேன்.

"வெளியே சரிவு. ஜாக்கி நிக்காது."

"காத்த இறக்கிடலாம் மாமா."

"டயர் ஓரம் ரிம்ம விட்டுக் கழண்டுரும். வாய மூடு."

பாரம் ஏற்றினால் வண்டி தணியும் என்று முடிவாயிற்று. மச்சினன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் போன் போட்டு வரவழைத்தான். அங்குலத்தின் மாமனார், மாமியார், அவர்கள் பக்கத்துச் சித்தப்பா, சித்தி, இரண்டு பெரியப்பா, இரண்டு பெரியம்மா என்று எட்டுப் பேர் பின்தட்டில் ஏறித் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் அங்குலம் அளந்து கூவினார்.

"அத்தை, கால் அங்குலம்!"

மாமியார் முறைத்த முறைப்பில் ஷட்டரே உருகியிருக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒன்றரைதான் தணிந்தது.

கடைசியில் மனைவி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் ஏறினார். வண்டி முனகிக்கொண்டு தணிந்தது. டேப்பின் மறுமுனை என் கையில்தான் இருந்தது: முழுசாக அரை அங்குலம், அதற்கு மேலும் ஒரு நூல் அளவு. லாரி ஷட்டரை உரசாமல் தெருவுக்கு வந்தது.

எல்லோரும் இறங்கினார்கள். மனைவி மட்டும் மேலேயே நின்றார்.

"நான் ஏறினப்ப எவ்வளவு இறங்குச்சு?"

அங்குலம் டேப்பைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த காலி டப்பாவைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"நீ ஏறினது வண்டிக்கே தெரியல," என்றார்.

"பொய்," என்றார் மனைவி. ஐந்து நாள் கோபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

மறுநாள் டப்பாவை மூட முடியாமல் துணி சுற்றி அனுப்பியிருந்தார்.