மீன் வேண்டாம் என்றவன் செய்த தூண்டில் கோல்

மீன் வாடை எனக்கு ஆகாது. லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போனால்கூட மீன்காரர்கள் பக்கம் தலைவைக்காமல் சுற்றிக்கொண்டு போவேன். பிறந்தது முதல் கல்கத்தாவில் இருப்பவன் இப்படிச் சொன்னால் வங்காளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செதில் ஒட்டிய ஈரத் தரையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

இந்த லட்சணத்தில் என் மகள் ஒரு வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் நல்லவன். மறுக்க ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்கு மஞ்சளோடு சீர்த் தட்டுகள் வரும். தொத்தோ என்பார்கள். ஒரு தட்டில் முழு ரோகு மீன். அதற்குப் பட்டுத்துணி சுற்றி, பொட்டு வைத்து, மூக்குத்தியும் மாட்டியிருப்பார்கள். செத்த மீனுக்கு மணப்பெண் வேஷம். செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு மோர்சாதம்கூட இறங்கவில்லை. மீன் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சம்பந்தி ஞாயிறுதோறும் டிக்கெட் வாங்கிக் குளத்தில் தூண்டில் போடுகிறவர். மருமகளுக்குத் தன் கையால் பிடித்த மீனை அனுப்ப வேண்டும் என்று இருந்தாராம். சரி என்றுதான் பதில் வந்தது. அதன்பிறகு அவர் என்னோடு போனில் பேசவில்லை.

மகள் அழுதாள். "அவர் மனசை நோக அடிச்சுட்டே. நான் அந்தாத்துல போய் எந்த மூஞ்சியோட நிக்கறது?"

அவள் அழுகைக்கு நான் கண்டுபிடித்த மருந்து தூண்டில் கோல். நம் பக்கத்துச் சீரில் என் கையால் செய்த கோல் ஒன்று போகும். அவர் மனம் ஆறும். என் வீட்டுப் படியை மீன் மிதிக்காது. சின்ன வயதில் ரேடியோவுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிய கை, இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

சுற்றுவது பிரமாதமில்லைதான். தூண்டில் நூல் ஓடும் சிறு வளையங்களைக் கோலில் வைத்து, அவற்றின் கால்களின்மேல் வண்ண நைலான் இழையை நெருக்கிச் சுற்ற வேண்டும். இழைக்கு இழை இடைவெளி தெரியாமல் வழவழப்பான எதையாவது வைத்துத் தேய்க்க வேண்டும். பூஜை அலமாரியிலிருந்த உத்தரணிக் கரண்டியின் முதுகு அதற்கென்றே செய்தது போலிருந்தது. மனைவி பார்த்துவிட்டாள்.

"மீன் பிடிக்கற கம்புலயா அதைத் தேய்க்கறேள்? இனிமே அது உள்ள வரப்படாது."

தலைவேதனை பூச்சில்தான். இழைமேல் இரண்டு குப்பித் திரவத்தைக் கலந்து கண்ணாடி போலப் பூச வேண்டும். காய்கிறவரை வழியாமலிருக்கக் கோல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் துர்கா பூஜைப் பந்தல்களில் பொம்மையைச் சுழற்றும் மோட்டார் ஒன்று கிடைத்தது. பவானிபூர் கடையில் வாங்கிய பிரஷ்தான் காலை வாரியது. பூசப் பூச அது மயிர் உதிர்த்தது. சாதத்தில் முடி கிடந்தால் இலையைவிட்டு எழுந்துவிடலாம். இதில் எழ முடியாது. இடுக்கியும் கையுமாக உட்கார்ந்தேன். சும்மா இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். சற்றே சாய்த்து, அடியைப் பிடித்து, மெதுவாக உருவ வேண்டும். எனக்கு உதவி மகள்தான். என்னைவிட அலுங்காமல் எடுத்தாள். மறுபடி கடைக்குப் போனபோது அது பன்றி மயிர் என்றார்கள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

அடுத்து வாங்கிய நைலான் பிரஷ் உதிரவில்லை. பூச்சு முழுக்கக் காற்றுக் குமிழியை நிரப்பியது. லேசாகச் சூடு காட்டினால் குமிழி உடையும் என்று வீடியோவில் சொன்னார்கள். வீட்டில் நெருப்பென்றால் கற்பூரம். ஏற்றிக் காட்டினேன். குமிழியெல்லாம் போயிற்று. பதிலுக்கு என் மெரூன் இழைமேல் கரி படிந்து அடுப்படிச் சுவர் மாதிரி ஆயிற்று. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. பிளேடால் அத்தனை சுற்றையும் கீறி எறிந்துவிட்டு முதலிலிருந்து சுற்றினேன்.

இம்முறை பிரஷ்ஷே வேண்டாம் என்று தயிர் டப்பா மூடியில் மெல்லிய பட்டை வெட்டி, அதால் பூச்சை வழித்துவிட்டேன். கற்பூரத்துக்குப் பதில் கரி படியாத ஸ்பிரிட் விளக்கு. காய்ந்ததும் பார்த்தேன். மயிரில்லை, குமிழியில்லை, மேடு பள்ளமில்லை. இந்தப் பளபளப்பு போய் மீன் கொழகொழப்பில் புரளப்போகிறதே என்று வயிறெரிந்தது.

கல்யாணத்துக்கு முன் அனுப்பிய சீரில் கோல் போயிற்று. அன்று மாலையே சம்பந்தி போன் செய்தார். பூச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாராம். அரைமணி நேரம் பேசினார்.

கல்யாணம் முடிந்து சில வாரங்களில் எங்களை விருந்துக்கு அழைத்தார்கள். என் கோலில் முதல் கட்லா மீன் மாட்டியிருந்தது. எங்களுக்குத் தனிச் சமையல், தனிப் பாத்திரம். குறை சொல்ல முடியாது. மீன் தலை மட்டும் பெரிய கிண்ணத்தில் வந்து, மரியாதையாக, எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த என் மகளின் தட்டில் இறங்கியது. அதன் கண் என்னையே பார்த்தது. மாமனார் மனம் நோகாமலிருக்கப் பெண் என்ன பாடுபடப்போகிறாளோ என்று பதறினேன்.

அவள் மீன் தலையை இரண்டாகப் பிளந்தாள். உள்ளிருந்ததை உறிஞ்சினாள். ஒரு முள் தட்டுப்பட்டது. சற்றே சாய்த்து, அடியைப் பிடித்து, மெதுவாக உருவித் தட்டோரம் வைத்தாள். புதிதாகப் பழகுகிறவள் கை அல்ல அது.

"எத்தனை வருஷமா?" என்று தமிழில் கேட்டேன்.

"காலேஜ்லேர்ந்து." தட்டிலிருந்து அவள் நிமிரவில்லை. "நீ வேண்டாம்னு சொல்லி அனுப்பினியே, அது எனக்கு வரவேண்டிய மீன்ப்பா."