மூன்று முறை இடிந்த அடுப்பு

ஷெமியும் நானும் சேர்ந்து கட்டிய கிரில் அடுப்பு மூன்று முறை இடிந்தது. முதல் முறை மழை இடித்தது. மற்ற இரண்டு முறையும் ஷெமியே இடித்தாள். நான்காவது முறை கட்டியது இடியவே இல்லை. அதை அப்படிக் கட்ட வைத்தது நான்தான்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற வாடகை வீடுகள். நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கொல்லை. அதில் ஒரு கிணறு, ஒரு பப்பாளி மரம், துணி காயப்போடும் கயிறு. அப்பா தேனிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஷெமியின் வாப்பா பஜாரில் ஒரு மிளகு மண்டியில் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினொன்று. என்னைவிட ஒரு சாண் உயரம். நாங்கள் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். எது எங்கே முடிகிறது என்று எங்களுக்கே தெரியாது.

கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஞாயிறு மாலைகளில் அங்கே விறகு மூட்டி, கம்பி வலைமேல் மீன் சுடுவார்கள். அந்த வாசனைக்கு மதில் ஒரு பொருட்டே இல்லை. எங்கள் வீட்டில் மீன் என்றால் ஒன்று குழம்பில் கிடக்கும், இல்லையென்றால் எண்ணெயில் கிடக்கும். நெருப்பின்மேல் நேராகப் படுத்துக்கிடக்கும் மீனை நாங்கள் மதிலில் தொங்கிக்கொண்டுதான் முதலில் பார்த்தோம். இறங்கியதும் ஷெமி சொன்னாள்.

"எடீ, நமக்கும் ஒண்ணு கட்டாம்."

அது முழுப்பரீட்சை முடிந்த வாரம். அதே வாரத்தில்தான் இன்னொரு செய்தியும் வந்தது. அவளுடைய வாப்பா ஆலுவாவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சொந்தமாகக் கடை எடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பத்தோடு அங்கே போய்விடுவார்கள். ஆலுவா பஸ்ஸில் ஒரு மணி நேர வழிதான். ஆனால் பத்து வயதுக்காரிக்கு அதுவும் துபாயும் ஒரே தூரம்தான். அவள் போவதற்குள் அடுப்பைக் கட்டி முடிக்க வேண்டும், ஒரே ஒரு முறையாவது இரண்டு பேரும் அதில் மீன் சுட்டுத் தின்ன வேண்டும். அந்த விடுமுறையில் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஷெமி படம் போட்டாள். மூன்று பக்கமும் சுவர், முன்பக்கம் விறகு தள்ள வாய், மேலே கம்பி. உயரம் அவள் நெஞ்சளவு. அப்படியென்றால் நான் ஒரு கல்லைப் போட்டு ஏறி நின்றால்தான் மீனின் முகத்தையே பார்க்க முடியும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்மள் வளரும் அல்லோ" என்றாள்.

வளர்ந்த பிறகு தின்பதற்கா இப்போது கட்டுகிறோம் என்று சண்டை போட்டேன். அவள் ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை.

தெருமுனையில் ஒரு பழைய கிடங்கை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். உடைந்த செம்பாறைக் கற்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்று தூக்கி வந்தோம். பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு ஜன்னல் கம்பிச் சட்டம் கிடைத்தது. அதன் பச்சை பெயின்ட் போகும்வரை தீயில் காட்டினோம். கற்களை ஒட்டவைக்கக் கால்வாயோரத்துக் களிமண்ணைப் பிசைந்தோம். அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு வீட்டு அம்மாக்களும் எங்களைக் கிணற்றடியிலேயே நிறுத்தி வைத்துச் சோப்பைக் கொடுத்தார்கள்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது கோடைமழை வந்து கரைத்துவிட்டுப் போனது. அதற்கு யாரையும் திட்ட முடியாது. மறுபடி கட்டினோம், மேலே ஒரு தார்ப்பாயும் கட்டினோம். இந்த முறை கம்பி வைக்கும் கட்டம்வரை வந்துவிட்டது. அப்போது ஷெமி காற்றடிக்கும் திசையைப் பார்த்தாள், துணிக்கயிற்றைப் பார்த்தாள். புகை முழுக்க அவள் உம்மா தலையில் போடும் தட்டத்திலும் என் அம்மாவின் சேலையிலும்தான் போய் அடிக்கும் என்றாள். கயிற்றை மாற்றிக் கட்டலாமே என்றேன். அதற்குள் அவள் இரண்டு கல்லைப் பிடுங்கிவிட்டாள்.

மூன்றாவது முறை வாயைத் திருப்பி வைத்துக் கட்டினோம். கம்பியையும் வைத்தாகிவிட்டது. நான் தீ மூட்டத் தேங்காய்ச் சிரட்டை பொறுக்கக் கிளம்பினேன். திரும்பி வந்தால் மறுபடி தரைமட்டம். கம்பிக்கு நடுவில் இடைவெளி அதிகமாம், மத்தி விழுந்துவிடுமாம். மத்தி விழுந்தால் அதைவிடப் பெரிய அயிலையைச் சுடுவது, அதற்கு எதற்குச் சுவரை இடிப்பது என்று கத்தினேன்.

"இது சரியாயில்ல. பதுக்கெ செய்தா மதி" என்றாள் அவள். மெதுவாகச் செய்தால் போதுமாம். மே மாதம் பாதி போய்விட்டிருந்தது.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. அதுவும் நான் மேஸ்திரி மகள். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு இவள் சுவர் வைக்கக் கற்றுக்கொடுக்கிறாளா என்று வயிறு எரிந்தது. கடைசி நாள்வரை குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, மீன் தின்னாமலேயே வண்டி ஏறிப் போகப்போகிறாள் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் புது வீட்டைப் பார்க்க ஆலுவாவுக்குப் போனார்கள். அப்பாவுக்கு வாரத்தில் ஓய்வென்று இருப்பது அந்த ஒரு நாள்தான். அன்று அவரைத் தூங்க விடவில்லை. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கற்களைப் பார்த்தார், களிமண்ணைப் பார்த்தார்.

"நெருப்புக்கு மண்ணுதாம்மா நல்லது. சிமென்ட் சூட்டுல விரிசல் விட்ரும்."

"சிமென்டுதான் வேணும்ப்பா. யாராலயும் பிரிக்க முடியாத மாதிரி கட்டித் தாங்க."

அப்பா சிரித்துக்கொண்டே மூலையில் கிடந்த மிச்ச சிமென்ட் மூட்டையை அவிழ்த்தார். ரசமட்டம் வைத்து, ஷெமி போட்ட அதே உயரத்துக்கு, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார். கம்பிகளுக்கு நடுவில் மெல்லிய கம்பியும் பின்னிக் கொடுத்தார். மத்தி என்ன, நெத்திலியே விழாது. நான் மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடி, அவள் வருவதற்காக மதிலருகே காத்துக்கிடந்தேன்.

சாயங்காலம் வந்தாள். சாக்கை நான் ஒரு திறப்பு விழாபோல விலக்கினேன்.

"இது ஆரு செய்தது?"

"நானும் அப்பாவும்."

அவள் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "சிமென்டாணோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். பொறாமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் நான் மட்டும் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை அடுப்பு மூட்டினோம். என் அம்மா அயிலை வாங்கி வந்தார். உம்மா மிளகும் இஞ்சியும் பூண்டும் எலுமிச்சையும் சேர்த்துப் புரட்டிக் கொடுத்தார். தீயைப் பார்த்துக்கொண்டது ஷெமிதான். சிரட்டைகள் கனலாகிச் சிவந்த பிறகே மீனைப் பரப்பினாள். அப்பா சொன்னபடியே பின்சுவரில் ஒரு விரிசல் ஓடியது. ஆனால் ஒரு கல்லும் அசையவில்லை. எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்டு தின்றார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். நான் கல்லின்மேல் ஏறி நின்று எல்லோருக்கும் அடுப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். ஷெமி ஒரு மீனின் முள்ளை எடுத்து, சதையை மட்டும் என் தட்டில் வைத்தாள். நீ தின்னவில்லையா என்று கேட்டதற்கு, "எனக்கு மதி" என்றாள். அவள் ஒரு துண்டுகூட எடுத்திருக்கவில்லை.

இப்போது நான் காக்கநாட்டில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறேன். பால்கனியில் தீ மூட்டக் கூடாது என்று லிஃப்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆலுவா இங்கிருந்து அதே ஒரு மணி நேரம்தான், மெட்ரோவில் போனால் இன்னும் குறைவு. போனில் தேடினால் அவள் கிடைக்காமலா போவாள்? கிடைத்தால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. எத்தனையோ பேரோடு எத்தனையோ இடங்களில் சுட்ட மீன் தின்றாகிவிட்டது. முள்ளெடுத்துத் தட்டில் வைக்க அதன்பிறகு எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அவளை நினைக்காமல் ஒரு முறையும் தின்றதில்லை.

அன்று மீன் சுட்டுத் தின்றதற்கு மறுநாள் காலையில் டெம்போ வந்தது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள் எல்லாம் ஏறின. ஷெமி முன்சீட்டில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"அடுப்புப் பணி தீர்ற வரைக்கும் சனியாழ்ச்ச தோறும் இங்க கொண்டுவந்து விடணும்னு வாப்பாகிட்ட சத்தியம் வாங்கி வச்சிருந்தா இந்தப் பெண்ணு. அவரும் சம்மதிச்சிருந்தார். இப்போ பணி தீர்ந்நல்லோ. அவருக்கு அலைச்சல் மிச்சம்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். உம்மா என்னைத்தான் புகழ்கிறார் என்று எனக்குத் தோன்றியது. டெம்போவில் இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"சூப்பரா முடிஞ்சிருச்சு உம்மா. இனி செய்ய ஒரு வேலையும் பாக்கியில்ல."

ஷெமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வண்டி முனை திரும்பும்வரை கையசைத்தேன், அவள் அசைக்கவில்லை. கோபமெல்லாம் நாலு நாளில் போய்விடும், சனிக்கிழமை வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம் மறக்காமல் சொல்லி வைத்தேன், நாளைக்கு அயிலை வாங்க வேண்டும், பெரியதாகப் பார்த்து இரண்டு. அம்மா வாங்கவில்லை. ஷெமி வந்தால் எதைச் சுடுவது என்று கேட்டு, அன்று முழுவதும் நான் அம்மாவோடு பேசவில்லை.