தகடு தரை தட்டாத தண்ணீர்

எங்கள் மில் முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வரும்போது ஒரு பலகை கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நுனி மேலே வளைந்திருக்கும். மேல்பக்கம் இரண்டு ரப்பர் ஷூ, ஒன்றன் பின் ஒன்றாக. அடியில் வால் பக்கம் கத்தி மாதிரி ஒரு தகடு. மோட்டார் படகு இழுக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைப் பலகையில் நின்று, தண்ணீர் மேல் வளைந்து வளைந்து போக வேண்டும். அதுதான் விளையாட்டு.

மதுரையில் அதற்குத் தண்ணீர் ஏது. வைகையில் ஆடு மேயும். கல்லுப்பட்டி ரோட்டில் எங்கள் ஊர்க் கண்மாய் ஒன்றுதான் தோதாக இருந்தது. அந்த வருசம் ஐப்பசி மழையில் கரை தொட்டு நின்றது. முதலாளிக்கு அங்கே மேல்மடையில், கண்மாய்க் கரையை ஒட்டி, நிலம் உண்டு. கண்மாய் மீன் குத்தகையும் அவர்தான். படகு லாரியில் வந்து இறங்கியது. நான் மில்லில் ஃபிட்டருக்குக் கையாள். உள்ளூர்க்காரன் என்று படகையும் பலகையையும் என் பொறுப்பில் விட்டார்கள்.

வேலை பெரிதில்லை. தகடு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அலன் கீ போட்டுத் தளர்த்தினால் ஏறும், இறங்கும், முன்னே பின்னே நகரும். தகடு ஆழமாக இருந்தால் வால் தண்ணீரைப் பிடித்து நிற்கும். ஏற்றிவிட்டால் திரும்பும்போது வழுக்கும். ஷூவுக்கும் வரிசையாக ஓட்டைகள். முன்னால் தள்ளினால் நுனி தண்ணீரில் குத்தும், பின்னால் இழுத்தால் தூக்கும். சின்ன முதலாளி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "ஒரு நூல் எறக்குப்பா" என்பார். நூல் என்றால் அரைக்கால் அங்குலம். இறக்குவேன். மறுபடி போவார். "அரை நூல் ஏத்து." ஏற்றுவேன். கால் ஷூவுக்குள் நுழைய சோப்புத் தண்ணீர் தடவி, பாதத்தைப் பிடித்துத் தள்ளி விடுவதும் நான்தான்.

அந்த வருசம்தான் கடைமடையில், வாய்க்கால் போய் முடியும் இடத்தில், ஒரு குறுக்கம் நஞ்சை வாங்கியிருந்தோம், ஏக்கருக்குக் கிட்ட வரும். என் அப்பனும் அவன் அப்பனும் அடுத்தவன் வயலில் நாற்றுப் பிடுங்கியவர்கள். எங்கள் வகையறாவில் சொந்தமாக நெல் விளைய வைக்கப் போவது நாங்கள்தான் முதல். உழவு மாடு கிடைக்கத் தாமதமாகி, பிந்தித்தான் நட்டோம். கடைமடைக்காரர் எல்லாருமே அப்படித்தான். மார்கழியில் மேல்மடைக் கதிர் பழுத்து அறுப்புக்கு நின்றது. எங்கள் கதிர் அப்போதுதான் பால் பிடித்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல். பாயாவிட்டால் சாவி. வெறும் தோல்தான் இருக்கும்.

மடை திறக்கும் நீர்பாய்ச்சியிடம் போனேன்.

"அண்ணே, ஒரே ஒரு தண்ணி."

"மேமடைக்காரன் பூராம் அறுப்புக்கு நிக்கிறான் மாப்ள. இப்ப தொறந்தா அவன் வயல நனைச்சிட்டுத்தான ஒனக்கு வரும்?"

"வாய்க்கா ஒடையாம நான் கூடவே நின்னு பாத்துக்கிறேன்ணே."

"அதெல்லாம் செய்யலாம். குத்தகைக்காரரு ஒரு வார்த்தை சொல்லணும்ல. தெனம் அவரு மகன் காலப் புடிக்கிறவன் நீ. கையோட வாயையும் சேத்துத் தொற."

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பலகைக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்னு ஒனக்குத் தெரியுது. பயிருக்கு எம்புட்டு வேணும்னு கேக்கத் தெரியலையாக்கும்?"

"கேக்குறேன்."

"எப்ப? கதிரு காஞ்சு தொங்குனப்புறமா?"

மறுநாள் கேட்கலாம் என்று போனேன். அன்றைக்குப் பார்த்துச் சின்ன முதலாளி விழுந்துவிட்டார். கண்மாய்க்குள் வெட்டிவிட்ட கருவேல மரக் கட்டைகள் உண்டு. தண்ணீர் வெயிலில் சுண்டி இறங்கியிருந்தது. திரும்பும் இடத்தில் தகடு கட்டையில் தட்டி ஆளைத் தூக்கி அடித்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டு கரையேறினார்.

"பொங்கலுக்கு மெட்ராஸ்ல இருந்து ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வர்றாங்கப்பா. இதுக்கு மேல தண்ணி கொறஞ்சா ஓட்ட முடியாது. மடைக்காரர்ட்ட சொல்லிரு. அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி வெளிய போகக்கூடாது."

நான் தகட்டைப் பார்த்தேன். அது கொஞ்சம் மேலே ஏறினால் கட்டை தட்டாது. கட்டை தட்டாவிட்டால் தண்ணீர் இவ்வளவு வேண்டாம்.

"தகட்ட ரெண்டு நூல் ஏத்திப் பாப்போமா மொதலாளி? ஷூவையும் ஒரு ஓட்டை பின்னாடி வச்சா, நின்னாலும் நின்னுரும்."

"செய்யி, பாப்போம்."

செய்தேன். அவ்வளவு பதமாக மில்லில்கூட ஒரு போல்ட் முடுக்கியதில்லை. படகு கிளம்பியது. முதல் வளைவு நின்றது. எனக்குக் குலசாமி ஞாபகம் வந்தது. இரண்டாவது வளைவில் வால் சறுக்கி, பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். திரும்ப ஏறினார். திரும்ப விழுந்தார்.

"வழுக்குதுப்பா. பழையபடியே வச்சிரு."

அப்போது கேட்டேன். எங்கள் வயல், பால் பருவம், ஒரு தண்ணீர், எல்லாம் சொன்னேன். அதுவரை அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"கண்மாய்ல எவ்வளவு எறங்கும்?"

"கடைமடை பூராம் பாஞ்சா ஒரு சாண் எறங்கும்."

அவர் கையை விரித்துத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தார். "அப்ப கட்டை தட்டுமே" என்றார். "பொங்கல் முடிஞ்ச மறுநாளே தொறக்கச் சொல்றேன். சத்தியமா."

"பொங்கல் வரைக்கும் தாங்காது மொதலாளி."

"நெல்லுதானே? தண்ணியிலயே நிக்கிற பயிரு. கொஞ்ச நாள் தாங்காதா?"

கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். நான் தகட்டை இரண்டு நூல் இறக்கி முடுக்கினேன்.

மடைக்காரரிடம் சேதி சொல்லவும் நானே போக வேண்டியிருந்தது. கடைமடைக்காரர்கள் வாய்க்கால் முக்கில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சேதி கொண்டு போனேன் என்பது அவர்களுக்கு எட்டிவிட்டது. திரும்பி வரும்போது ஒருவர், "வாப்பா, மோட்டார் போட்டுக்காரரு" என்றார். மற்றவர்கள் தலையைத் தூக்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஊரில் அதுதான் பேர்.

பொங்கலுக்கு மெட்ராஸ்காரர்கள் காரில் வந்தார்கள். கரை நெடுகச் சனம். சோப்புத் தண்ணீர் தடவி ஷூ மாட்டிவிட்டேன். சின்ன முதலாளி அன்றைக்கு ஒரு தடவைகூட விழவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கை தட்டின. இறங்கி வந்து என் தோளில் தட்டி, "செட்டிங் பெர்ஃபெக்ட்டுப்பா" என்றார்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். பொங்கல் முடிந்ததும் மடை திறந்தது. மேல்மடையில் அதற்குள் அறுப்பு ஆகியிருந்தது. தடுக்க ஆளில்லாமல் தண்ணீர் நேரே எங்கள் வயலுக்கு வந்து வரப்பு மட்டம் நின்றது. கதிர்கள் தலை குனியாமல் நேராக நின்றன. மணி பிடித்த கதிர் அப்படி நிற்காது. ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினேன். கையில் ஒன்றும் தங்கவில்லை.

மாட்டுக்காவது ஆகும் என்று என் மனைவி அரிவாளோடு வயலில் இறங்கியிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இந்தா கெடக்குய்யா ஒரு சாணுக்கு மேல. கட்டை கிட்டை ஒண்ணுமில்ல. போயி ஒன் மொதலாளியக் கூட்டியா. ஓட்டட்டும்."

நான் இன்னொரு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.